ஆத்துமா கர்த்தரிடம், உடம்பு யார் கணக்கில்?

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலை வெடித்தால் அடுத்த இரண்டு நாளில் யார் யார் என்னென்ன பேசுவார்கள் என்பது நமக்கு மனப்பாடம். தலைவர்கள் இரங்கல் அறிக்கை விடுவார்கள். நிவாரண நிதியிலிருந்து ஒரு தொகையை அறிவிப்பார்கள். போர்மேனைக் கைது செய்துவிட்டதாகச் செய்தி வரும். இறந்தவள் கிறிஸ்தவப் பெண் என்றால் இன்னொரு பேச்சும் உண்டு. சவப்பெட்டியின் தலைமாட்டில் நின்றுகொண்டு ஐயரோ பாஸ்டரோ சாமியாரோ சொல்வார்: "மகள் கர்த்தருக்குள் நித்திரையடைந்திருக்கிறாள். அவள் ஆத்துமா இளைப்பாறுகிறது. கர்த்தர் தாம் குறித்த நேரத்தில் எடுத்துக்கொண்டார். நாம் கேள்வி கேட்கக் கூடாது."

இந்த நாலு வாக்கியத்தில் முதல் இரண்டோடு எனக்கு வழக்கில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அவற்றைப் பிடித்துக்கொண்டுதான் அந்த இரவைக் கடக்கிறாள் என்றால், அவள் கையிலிருந்து அதைப் பிடுங்க எனக்கு உரிமை கிடையாது. என் வழக்கெல்லாம் கடைசி இரண்டோடுதான். ஆத்துமா எங்கே போனது என்பதற்குப் பதில் சொல்லிவிட்டு, உடம்பு எப்படிச் செத்தது என்ற கேள்வியை அதே மூச்சில் மூடிவிடுகிறார்கள். இப்படி மூடுவதற்குக் கிறிஸ்தவப் போதனையே இடம் கொடுக்கவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

முதலில் அந்தக் "குறித்த நேரம்" எது என்று பார்ப்போம். 2012 செப்டம்பர் 5, சிவகாசி அருகே முதலிப்பட்டி: 30க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், காப்பாற்ற ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம். 2021 பிப்ரவரி 12, ஏழாயிரம்பண்ணை அருகே அச்சங்குளம்: 20க்கும் மேற்பட்டவர்கள். 2023 அக்டோபர் 17, எம்.புதுப்பட்டிப் பக்கம் ரெங்கபாளையம்: 10க்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலோர் பெண்கள். 2024 பிப்ரவரி 17, வெம்பக்கோட்டை அருகே இராமுதேவன்பட்டி: 10 பேர்.

இந்தப் பகுதியில் ஒவ்வொரு வெடிப்புக்குப் பிறகும் பேசப்படும் காரணங்கள் பழையவைதான். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. இருந்தவர்கள் அதைவிட அதிகம். உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அறைகள் உள்குத்தகைக்குப் போயிருக்கும். இடம் போதாமல் மரத்தடியில் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். மருந்து கலக்கும்போதும் செலுத்தும்போதும் உராய்வு வரும். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருப்பதால் கை நிதானிக்காது. தீபாவளி ஆர்டருக்குத் தேதி நெருங்கும். இப்போது சொல்லுங்கள், நேரம் குறித்தது கர்த்தரா, குத்தகைக்காரரா?

"கர்த்தரின் சித்தம்" என்ற ஒரு சொல் விழுந்ததும் உரிமையாளர், குத்தகைக்காரர், உரிமம் கொடுத்த அலுவலகம், சோதனைக்கு வராத அதிகாரி ஆகிய நான்கு பேரும் அடக்க வீட்டிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிடுகிறார்கள். மிஞ்சி நிற்பது கடவுளும் செத்த பெண்ணும் மட்டும். கடவுளை யாரும் காவல் நிலையத்துக்கு அழைக்க முடியாது.

அடுத்து, ஆத்துமா. மரணத்துக்குப் பின் அது எங்கே இருக்கிறது என்று பிரசங்கத்தில் கேட்கிற உறுதி, திருச்சபையின் வரலாற்றில் கிடையாது. கத்தோலிக்க வழக்கில் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு. அங்கே சுத்திகரிக்கப்படும் ஆன்மாக்களுக்காகப் பூசை வைக்கிறோம், நவம்பர் 2ஆம் தேதி கல்லறைக்கு மெழுகுவர்த்தி கொண்டுபோகிறோம். சீர்திருத்தச் சபைகள் அந்த ஸ்தலமே இல்லை என்றன. லூத்தர் பல இடங்களில் மரணத்தைத் தூக்கமாகப் பேசினார். கால்வினோ ஆத்துமா தூங்குவதில்லை என்று வாதாடத் தனி நூலே எழுதினார். ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையார், உயிர்த்தெழும் நாள்வரை செத்தவர்களுக்கு எந்த நினைவும் இல்லை என்கிறார்கள். போப்பாண்டவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இருந்ததில்லை. நீதிமான்களின் ஆன்மா இறுதித் தீர்ப்புக்கு முன் கடவுளை முழுமையாகக் காணாது என்ற தொனியில் 22ஆம் யோவான் பிரசங்கித்தார். அவருக்கு அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட் 1336இல் அதற்கு மாறாக, உடனே காணும் என்று முடிவு செய்தார். இத்தனை நூற்றாண்டுகள் படித்தவர்கள் தடுமாறிய இடத்தில், பட்டாசு ஆலைக்காரரின் மேலாளர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அடக்க ஆராதனையில் மட்டும் அவ்வளவு தெளிவு எங்கிருந்து வருகிறது?

ஆனால் இந்தச் சபைகள் எல்லாம் சண்டையில்லாமல் ஏற்றுக்கொள்ளும் விஷயங்கள் இரண்டு உண்டு. ஒன்று, தீர்ப்பு உண்டு. மற்றது, உடம்பு உயிர்த்தெழும். ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் சரீரத்தின் உயிர்த்தெழுதல் இருக்கிறது. உடம்பைச் சட்டைபோல் கழற்றிப் போட்டுவிட்டு ஆத்துமா மட்டும் பறந்துபோவது கிரேக்கத் தத்துவத்தில் ஓங்கி ஒலித்த எண்ணம். நம் சித்தர் பாடல் மரபிலும் அதன் சாயல் உண்டு. பழைய ஏற்பாட்டில் ஆத்துமா என்று நாம் படிக்கிற "நெபெஷ்" என்ற எபிரேயச் சொல்லுக்குத் தொண்டை, மூச்சு, உயிருள்ள ஆள் என்றெல்லாம் பொருள். பசிக்கும், தாகம் எடுக்கும், நெரித்தால் அடைபடும். அலுமினியப் பொடி படிந்து வெள்ளியாய் மினுங்குகிற கையும், கருந்திரி உருட்டிக் கறுத்த விரலும், மருந்து நெடியில் இருமுகிற நெஞ்சும் சேர்ந்ததுதான் அந்த ஆத்துமா.

உயிர்த்தெழுந்த இயேசுவின் உடம்பிலும் காயம் இருந்தது. ஆணித்தழும்பைப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார் தோமா. பரங்கிமலைக்கு ஏறிப்போய் நாம் கும்பிட்டுவருகிற அதே தோமாதான். அவரை யாரும் "கேள்வி கேட்காதே" என்று அடக்கவில்லை, காயத்தைக் காட்டினார்கள். மகிமையடைந்த உடம்பிலும் ஆட்சியாளன் போட்ட காயம் மறையவில்லை என்றால், நூற்றுக்கு எண்பது பங்கு வெந்துபோன நம் பெண்ணின் உடம்பைப் பெட்டிக்குள் வைத்து ஆணியடித்துவிட்டு "அவள் இப்போது மகிமையில் இருக்கிறாள், அதை நினைக்காதே" என்று சொல்வது எந்த வேதத்தின்படி?

சில கூட்டங்களில் இதைவிடக் கேவலமான பேச்சும் காதில் விழும். போன ஞாயிறு அவள் சபைக்கு வரவில்லை, தசமபாகம் கொடுக்கவில்லை, புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு போனாள். அதனால் கர்த்தர் பாதுகாப்பு வேலியை எடுத்துவிட்டார் என்பது குறிப்பு. இதற்கு லூக்கா 13ஆம் அதிகாரத்திலேயே பதில் இருக்கிறது. எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற பேச்சை இயேசு முகத்துக்கு நேராக மறுத்தார். கட்டடம் விழுந்து செத்தவர்களின் பாவக்கணக்கைப் பார்க்காதே என்று அவரே சொல்லியிருக்கும்போது, வெம்பக்கோட்டையில் கூரை பறந்து செத்தவளின் தசமபாகக் கணக்கைப் பார்க்க இவர்கள் யார்? முதலாளியின் கணக்குப் புத்தகத்தை ஒருநாளாவது திறக்கச் சொல்லியிருக்கிறார்களா?

மரணத்துக்குப் பின் நடப்பதைப் பற்றி இயேசு விரிவாகச் சொன்ன கதை, ஐசுவரியவான், லாசரு கதை. அதில் வேதனையில் கிடப்பவள் ஒழுக்கம் கெட்ட பெண்ணல்ல. வாசலில் பசியோடு கிடந்தவனைத் தாண்டித் தினமும் போய்வந்த பணக்காரன். அவன் திருடினான், கொன்றான் என்றுகூடக் கதை சொல்லவில்லை. தன் வாசலில் கிடந்தவனை ஓர் ஆளாகவே அவன் எண்ணவில்லை. செத்த பிறகும் அவனுக்குப் புத்தி வரவில்லை. லாசருவை அனுப்பித் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறான். நரகத்திலும் வேலை வாங்கும் புத்தி! நரகத்தைப் பற்றி வருஷம் முழுக்கப் பேசுகிறவர்கள், ஆலை வெடித்த வாரத்தில் இந்தக் கதையை எடுக்காதது ஏன்? கோயில் டியூப் லைட்டில் யார் பெயருக்குப் பக்கத்தில் "உபயம்" என்று எழுதியிருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தால் சில ஊர்களில் விடை தெரியும்.

"ஆத்துமா இளைப்பாறுகிறது" என்பதும் பாதி உண்மைதான். வெளிப்படுத்தின விசேஷம் 6ஆம் அதிகாரத்தில், கொல்லப்பட்டவர்களின் ஆத்துமாக்கள் பலிபீடத்தின் கீழே இருந்துகொண்டு உரத்த குரலில் நியாயம் கேட்கின்றன. எத்தனை காலம் பொறுப்பது என்பது அவற்றின் கேள்வி. அவற்றை யாரும் வாயை மூடச் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சக் காலம் காத்திருங்கள் என்றுதான் பதில் வருகிறது. ஆதியாகமத்தில் ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிட்டது. அநியாயமாகச் செத்தவர்கள் வேதத்தில் அமைதியாகத் தூங்குவதில்லை. அவர்களைத் தூங்கவைக்கும் வேலையை நாம்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

இதெல்லாம் ஆண் தொழிலாளிக்கும் பொருந்துமே, பெண்ணியக் கட்டுரையில் ஏன் என்று கேட்கலாம். பெண் சாகும்போது இந்தப் பேச்சு இரட்டை வேலை செய்கிறது. உயிரோடு இருக்கும்போதே அவள் உடம்பைப் பற்றி அவளுக்குச் சொன்னது என்ன? உடம்பு பாவத்தின் வாசல், மூடிவை. சகித்துக்கொள், பரலோகத்தில் பலன். குடிக்கிற புருஷனையும், குறைந்த கூலியையும், இருமலையும் இதே சொல்லால்தான் சுமந்தாள். ஆலையில் மருந்து அறைக்கு அதிகக் கூலி என்று ஆண்களுக்கும், ஒட்டுவதும் திரி செருகுவதும் அடுக்குவதும் "லேசான வேலை" என்று பெண்களுக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். வெடிக்கும்போது நெருப்பு லேசான வேலை, கடின வேலை என்று பிரித்துப் பார்க்கவில்லை. உடம்பை ஒரு பொருட்டாக நினைக்காதே என்று வாழ்நாளெல்லாம் கேட்டவளிடம், செத்த பிறகும் அதையே சொல்கிறார்கள். அவள் உடம்பு ஒருநாள்கூட அவள் கணக்கில் வரவில்லை.

பிறகு, யாருடைய பெண்டாட்டி என்ற கேள்வி. இது இயேசுவிடமே வந்தது. ஒருத்தி, அண்ணன் தம்பி ஏழு பேருக்கு ஒருவர் பின் ஒருவராக மனைவியானாள். உயிர்த்தெழும்போது அவள் யாருக்குச் சொந்தம் என்று சதுசேயர் கேட்டார்கள். அந்தப் பெண்ணைப் பற்றி அவர்களுக்கு அக்கறை இல்லை, சொத்துத் தகராறுபோலக் கேட்டார்கள். அங்கே பெண் கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்று பதில் வந்தது. அதாவது மறுமையில் அவள் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் நம் கல்லறைத் தோட்டத்தில் போய்ப் பாருங்கள்: இன்னார் மனைவி, இன்னார் தாயார். முப்பது வருஷம் சரவெடி பின்னியவளின் தொழில் எந்தக் கல்லிலும் இல்லை. சாதி மட்டும் செத்த பிறகும் விடுவதில்லை. தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து நின்ற திருச்சி மேலப்புதூர்ச் சுவரை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஆத்துமாவுக்குச் சாதி இல்லை, பால் இல்லை என்று பிரசங்கிக்கிறவர்கள், மண்ணுக்குள் போகிற உடம்புக்கு மட்டும் இரண்டையும் எழுதி அனுப்புகிறார்கள்.

உயிர்த்தெழுதலை முதலில் வந்து சொன்னவர்கள் பெண்கள். சீடர்கள் அதை வீண்பேச்சு என்று ஒதுக்கியதை லூக்காவே எழுதியிருக்கிறார். மகதலேனா மரியாளின் நாளை அப்போஸ்தலர்களுடைய நாளுக்குச் சமமான விழாவாகக் கத்தோலிக்கத் திருச்சபை உயர்த்தியது 2016இல்தான். வெடித்த ஆலையிலிருந்து உயிரோடு வெளியே வந்த பெண்ணுக்கு எல்லாம் தெரியும். அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், யார் அவசரப்படுத்தினார்கள், முந்தின நாளே மருந்து நாறியதை யாரிடம் சொன்னார்கள் என்று அவளால் சொல்ல முடியும். அவள் சொல்வதையும் வீண்பேச்சு என்றுதான் ஒதுக்குகிறார்கள். சிவகாசியை ஒட்டிச் சாட்சியாபுரம் என்றே ஓர் ஊர் இருக்கிறது, மிஷன் காலத்து ஊர். சாட்சி என்ற சொல்லை ஊர்ப்பெயராகவே வைத்திருக்கும் வட்டாரத்தில், பெண்ணின் சாட்சி மட்டும் எடுபடவில்லை.

அந்த மிஷன் காலத்திலிருந்து நமக்கு வந்த சொல் ஒன்று, "ஆத்தும ஆதாயம்". ராக்லண்ட் போன்றவர்கள் அதற்காகத்தான் வந்தார்கள். அவர் 1858இல் சிவகாசியிலேயே இறந்தார். பள்ளிக்கூடங்களும் ஆஸ்பத்திரிகளும் கூடவே வந்தன என்பதையும் மறைக்க வேண்டாம். உடம்பைக் கவனிக்காமல் ஆத்துமாவிடம் பேச முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு ஆதாயம் என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு கேட்கிறேன்: ஆத்துமா ஆதாயம் சபையின் கணக்கில், பட்டாசு ஆதாயம் முதலாளியின் கணக்கில், உடம்பு நஷ்டம் யார் கணக்கில்?

ஆறுதலைப் பறிக்கிறாயே என்று சொல்வார்கள். பெத்தானியாவில் லாசரு செத்தபோது என்ன நடந்தது என்று யோவான் 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. மார்த்தாள் நேரே போய், நீர் இங்கே இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்க மாட்டான் என்று குறை சொன்னாள். மரியாளும் அதையே சொன்னாள். இரண்டு பெண்களையும் அவர் கண்டிக்கவில்லை. அவர் அழுதார். பிறகு கல்லை எடுத்துப்போடுங்கள் என்றார். நாற்றம் வரும் என்று சொன்ன பிறகும் எடுக்கச் சொன்னார். ஆறுதல் சொல்ல வந்தவர் செய்ய வேண்டிய வேலை இது: குறையைக் கேட்க வேண்டும், கூட அழ வேண்டும், கல்லைப் புரட்ட வேண்டும். நம்மூரில் கல்லை இன்னும் இறுக்கி வைத்து, அதன்மேல் மலர்வளையமும் வைக்கிறார்கள்.

கல்லைப் புரட்டுவது என்றால் என்னவென்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அடக்கம் முடிந்த வீட்டுக்கு முதலில் வருவது ஜெபக்குழு. சில சமயம் அதன் பின்னாலேயே சமரசம் பேசுகிறவர்களும் வருகிறார்கள். "கோர்ட்டு கேஸ் என்று அலைந்தால் போனவள் திரும்பி வருவாளா? மன்னித்துவிடு, கையெழுத்துப் போடு." மன்னிப்பு என்பது குற்றம் ஒப்புக்கொண்டவனுக்குக் கொடுப்பது, வழக்கைக் கைவிட்டதற்கு ரசீது அல்ல. 1923இல் வெள்ளைக்காரன் காலத்தில் வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே, இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்றது. சாவுக்கான இழப்பீட்டை ஆணையரிடம் கட்டித்தான் கொடுக்க வேண்டும், குடும்பத்தின் கையில் கொடுத்து முடித்துவிட முடியாது என்றும் சொன்னது. ஏன் அப்படி எழுதினார்கள்? துக்க வீட்டில் எப்படிக் கையெழுத்து வாங்குவார்கள் என்பது நூறு வருஷம் முன்பே தெரிந்திருந்தது. அச்சங்குளம் வெடிப்பைத் தானாக முன்வந்து எடுத்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், 2021இல், இறந்த ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் ரூபாய் என்று உத்தரவிட்டது. கேட்டால் எழுதப்படும் தொகைக்கும் கேட்காமல் கிடைக்கும் தொகைக்கும் உள்ள தூரம் இது. "கேள்வி கேட்கக் கூடாது" என்ற வாக்கியத்துக்கு ரூபாயில் விலை உண்டு, அந்த விலையைத் தாயில்லாப் பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

ஆகவே சபைகளிடம் கேட்கிறேன். அடக்க ஆராதனையில் ஆத்துமாவுக்காக ஜெபியுங்கள். அதே நாவால் அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் கேளுங்கள். ஆராதனை முடிந்ததும் ஒரு வக்கீலையும் தொழிற்சங்கத்துக்காரரையும் அந்த வீட்டுக்குக் கூட்டிப்போங்கள். பெண்கள் ஐக்கியச் சங்கங்கள் வருஷாந்தரப் பண்டிகைக்குச் சமையல் செய்வதோடு நிற்க வேண்டாம். கையெழுத்துக் கேட்டு வருகிறவர்கள் முன்னால் அந்தத் திண்ணையில் போய் உட்காருங்கள். நவம்பர் 2ஆம் தேதி முதலிப்பட்டியிலும் அச்சங்குளத்திலும் ரெங்கபாளையத்திலும் செத்தவர்களின் பெயர்களை, கிறிஸ்தவர், இந்து என்று பிரிக்காமல், உரக்கப் படியுங்கள். அடக்கத்தில் பேச ஒரு பெண்ணை நிறுத்துங்கள். தென்னிந்தியத் திருச்சபை 2013இல் எக்கோனி புஷ்பலலிதாவைப் பேராயராக்கியது. பேராயராக இருக்கத் தகுதியுள்ள பாலினத்துக்குத் தன் தோழியைப் புதைக்கும்போது நாலு வார்த்தை பேசத் தகுதி இல்லாமலா போகும்?

இதைப் படிக்கிற மாணவிகளிடம் கேட்பது இன்னும் சிறியது. ஊர் முச்சந்தியில் கட்டுகிற அஞ்சலி பிளக்ஸுக்கு வாசகம் எழுதித்தரச் சொல்லி, வீட்டில் படித்த பிள்ளை என்று உங்களிடம்தான் வருவார்கள். "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று எழுதச் சொல்வார்கள். எழுதுங்கள், அது அந்தத் தாயின் விசுவாசம். அதற்குக் கீழே அவள் பெயர், அவள் செய்த வேலை, அந்த அறைக்கு அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கை, அன்று உள்ளே இருந்த ஆள் எண்ணிக்கை ஆகியவற்றையும் எழுதுங்கள். கடைசியில், பாதுகாப்பு விதிகளை மீறிய ஆலையில் கொல்லப்பட்டார் என்று முடியுங்கள். அவள் ஆத்துமாவுக்கு அதனால் ஒரு குறையும் வராது.